புத்தகத்தின் கட்டிலும் நம் கட்டிலும்

பிரசவ அறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளே, உங்களை எனக்குத் தெரியும். பெயர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் உங்கள் புத்தகத்தைக் காட்டினால் போதும், ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன். மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருப்பீர்கள். முதல் பக்கத்தில் ஒரு வரிக்கு, அடுத்த பக்கத்தில் ஒரு பத்திக்கு, அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும். கடைசியில் கோடு போடாமல் விட்ட வரிதான் பளிச்சென்று கண்ணில் படும். இப்போது கைப்பேசியிலேயே படிக்கிறீர்கள், அதிலும் கோடு போட வசதி இருக்கிறதாம். நல்லது, பேனாவாவது மிச்சம்.

கேலி செய்வதாக நினைக்காதீர்கள். கேலிதான் செய்கிறேன், ஆனால் அந்த வரிசையில் முதலில் நின்றவள் நான்தான். என் பழைய பாடப் புத்தகம் இன்னும் அயனம்பாக்கத்து வீட்டு அலமாரியில் இருக்கிறது. திறந்தால் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு காலையில் ஏரிப் பக்கம் நடக்கப் போவேன். சரியாக அந்த நேரம் பார்த்துப் பணி முடிந்த பிள்ளைகள் யாராவது போன் செய்வார்கள். சுற்றிச் சுற்றிக் கடைசியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அக்கா, படிக்கிறேன், புரியுது. ஆனா அவசரம்னு வந்தா தலையில ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது. என்ன பண்றது?" போனில் சொல்லி மாளாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் நர்ஸாக வேலை பார்த்தது அம்பத்தூரில், தொழிற்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு சிறிய மகப்பேறு மருத்துவமனையில். பிரசவ அறை ஒன்றுதான், அதில் கட்டிலும் ஒன்றுதான். டாக்டரம்மாவின் வீடு பாடிக்கு அந்தப் பக்கம். வலி கூடுகிறது என்று போன் போட்டால் உடனே கிளம்பிவிடுவார். பாடி மேம்பாலத்தடியில் நிற்கும் லாரிகள் அவரை விட வேண்டும், அவ்வளவுதான்.

மருத்துவமனையை நடத்தியது டாக்டரம்மா என்று போர்டில் எழுதியிருந்தது. உண்மையில் நடத்தியவர் எங்கள் பெரிய சிஸ்டர். திருநெல்வேலிக்காரர், கணவருக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸில் வீடு. உயரம் என் தோளுக்கு வரும். அதிகாரம் கூரையைத் தொடும். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் போனில் கூப்பிட்டு, "என்னையப் போட்டுக் கதை எழுதுதியோ?" என்று திட்டுவார். அந்தத் திட்டுக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் வேண்டாம்.

இன்னொருவர் தேசம்மாக்கா. எங்கள் ஆயா, பாடியிலிருந்து வருவார். அறையைத் துடைப்பது, துணி எடுத்துக் கொடுப்பது, வலியில் கத்தும் பெண்ணின் நெற்றியைத் துடைத்து "இதோ ஆச்சு கண்ணு, ஆச்சு" என்று சொல்வது எல்லாம் அவர்தான். அவரிடம் ஒரே ஒரு பழக்கம் எங்களுக்குப் பயம். ஒரு பெண் முக்கி முக்கிக் களைத்துப்போனால் அவருக்கு மனசு தாங்காது. ஓடி வந்து மேல் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்த ஆரம்பித்துவிடுவார். அழுத்தக் கூடாது என்று புத்தகம் சொல்கிறது, நாங்களும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். "பாவம், கஷ்டப்படுதே சிஸ்டரு" என்பார். கை அதன் பாட்டுக்குப் போய்விடும்.

பெரிய சிஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சாயங்கால டீ நேரத்தில், புதிதாக எதைப் படித்திருந்தாலும் அதைச் சொல்ல வேண்டும். அவரிடம் அல்ல, தேசம்மாக்காவிடம். புத்தகம் மூடி இருக்க வேண்டும். தேசம்மாக்கா எந்த இடத்தில் வேண்டுமானாலும் மறித்துக் கேள்வி கேட்கலாம். அவர் டீயைக் குடித்து முடித்து "செரி" என்று தலையாட்டினால்தான் நாம் படித்ததாகக் கணக்கு.

நான் முதல் முறை சொல்ல உட்கார்ந்த நாளை மறக்கவே முடியாது. பிரசவ வலியில் இருப்பவரிடம் கனிவான குரலில் பேச வேண்டும் என்ற பகுதியை எடுத்துக்கொண்டேன். எளிதானது என்று நினைத்துத்தான் எடுத்தேன். வரி பிசகாமல் ஒப்பித்தேன். தேசம்மாக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"கனிவுன்னா இன்னா சிஸ்டரு? கொஞ்சம் பேசிக் காட்டு, பாக்கறேன்."

என் குரல் ஏரிக்கு அந்தக் கரையில் மேயும் மாட்டை இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டு வளர்ந்த குரல். இருந்தாலும் முயன்றேன். "அம்மா, மூச்சை மெதுவா இழுத்து விடுங்க" என்று என்னால் முடிந்த கனிவோடு சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எங்கள் வாட்ச்மேன் மாணிக்கம் அண்ணன் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, உள்ள எதுனா சண்டையா?"

பெரிய சிஸ்டருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது, ஆனால் கொஞ்ச நேரம்தான். அப்புறம் நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

அந்த டீ நேரம் எனக்கு என்ன செய்தது என்று பிறகுதான் புரிந்தது. வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் தேசம்மாக்கா வந்து எதிரில் உட்கார்ந்துகொள்வார். ஒரு வரியைப் படிப்பேன், "அப்போ நான் எங்க நிக்கிறது?" என்பார். அவர் எப்போதும் கேட்கும் கேள்வி அதுதான். பதில் தெரியவில்லை என்றால் அந்த வரியை மறுபடி படிப்பேன். கோடு போட நேரமே இருக்காது.

ஒருநாள் குழந்தையின் தோள் மாட்டிக்கொள்ளும் பகுதியைப் படித்துவிட்டு வந்தேன். தலை வெளியே வந்துவிடும், தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்ளும். பதறிப்போய்த் தலையைப் பிடித்து இழுத்தால் குழந்தையின் கை நரம்பு கெட்டுவிடும். இழுக்காமல் சும்மா இருந்தால் குழந்தைக்கு மூச்சு போய்விடும். அதிகம் வராது, ஆனால் வந்தால் யோசிக்க நேரம் தராது. செய்ய வேண்டியது இதுதான். தாயின் இரண்டு காலையும் மடக்கி, முட்டி நெஞ்சுப் பக்கம் வரும்படி ஆளுக்கொரு பக்கம் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் மேல் வயிற்றில் அல்ல, அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே அழுத்திச் சிக்கிய தோளை நகர்த்த வேண்டும். புத்தகத்தில் அழகான படம் இருந்தது. விசாலமான அறை, நடுவில் கட்டில், இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

நான் சொல்லி முடித்தேன். தேசம்மாக்கா தலையாட்டவில்லை.

"ரெண்டு பக்கமும் ஆளுன்ற. நம்ம கட்டிலு செவுத்த ஒட்டிக்கினு கீது. அந்தப் பக்கம் யாரு நிப்பா, பல்லியா?"

பெரிய சிஸ்டர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க எல்லாரும்" என்று பிரசவ அறைக்குக் கூட்டிப் போனார். நல்ல வேளை, அன்று கட்டில் காலி.

ஒரு தலையணையைக் கட்டிலில் படுக்க வைத்தோம். அதுதான் தாய். இரண்டு போர்வையைச் சுருட்டி வைத்தோம். அவை கால்கள். நான் குழந்தையை வாங்க நிற்க வேண்டும். இந்தப் பக்கத்துக் கால் தேசம்மாக்காவுக்கு. அந்தப் பக்கத்துக் கால் டாக்டரம்மாவுக்கு, அதற்குக் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்த வேண்டும். அழுத்துவது பெரிய சிஸ்டர். அவர் கையை நீட்டிப் பார்த்தார். எட்டியது, ஆனால் மேலிருந்து பலம் கொடுக்க உயரம் போதவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தவர் விடுவிடுவென்று வெளியே போய், மாணிக்கம் அண்ணனை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்திருந்த குட்டை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன்மேல் ஏறி நின்றதும் எல்லாம் சரியாக அமைந்துவிட்டது.

"தேசம்மா, ஒன் ரெண்டு கையும் கால்ல. மேல் வயித்துக்கு வந்துச்சோ, தெரியும் சேதி" என்றார் ஸ்டூலிலிருந்தபடியே.

"கைக்குத்தான் வேல குடுத்துட்டியே சிஸ்டரு. இனிமே எங்க போவும் அது" என்றார் தேசம்மாக்கா.

இத்தனை வருடம் சொல்லியும் கேட்காத கை, வேலை கொடுத்ததும் கேட்டது. கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம், பதிலுக்கு என்ன செய்வது என்று சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து இரண்டு சட்டம். கட்டில் சுவரை ஒட்டக் கூடாது. ஸ்டூல் கட்டிலுக்கு அடியிலேயே இருக்க வேண்டும். இரண்டையும் தினமும் மீறினார்கள். கட்டில் நடுவில் இருந்தால் வாளியோடு சுற்றி வர முடியவில்லை என்று தேசம்மாக்கா துடைத்து முடித்ததும் அதைச் சுவரோடு தள்ளிவிடுவார். மாணிக்கம் அண்ணன் நாங்கள் அசந்த நேரம் பார்த்து ஸ்டூலை எடுத்துப் போய்விடுவார். கேட்டால், "எனுக்கு மட்டும் முட்டி வலிக்காதா?" என்பார். பெரிய சிஸ்டர் தினமும் காலையில் இருவரையும் ஒரு சுற்று திட்டுவார். அது எங்களுக்குக் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

ரேவதி வந்தது ஒரு மழைக்கால மத்தியானம். திருவேற்காட்டுப் பெண், கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், இவளுக்கு இரண்டாவது பிரசவம். மாதா மாதம் பார்க்க வரும்போதே எங்களுக்குச் சிநேகிதி ஆகிவிட்டவள். டீ நேரத்தில் எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டு, "உள்ள இன்னாக்கா படம் ஓடுது?" என்று பெஞ்சிலிருந்து கேட்பாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூத்தது சுகப்பிரசவம், ஸ்கேனில் குறையில்லை. வலி வேகமாகக் கூடியது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "பாடியில நிக்கிறேன்மா, லாரி ஒண்ணும் நகரல, இதோ வந்துடறேன்" என்றார். பின்னால் ஒலித்த ஹாரன் சத்தத்தைக் கேட்டதும் இப்போதைக்கு வர மாட்டார் என்று தெரிந்துவிட்டது.

தலை வந்தது. அடுத்து உடம்பு வர வேண்டும். வரவில்லை. வந்த தலை கன்னம் அழுந்தக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது.

தங்கைகளே, அந்த நொடியை உங்களுக்கு உள்ளபடி சொல்லிவிடுகிறேன். என் கை இழுக்கத்தான் துடித்தது. தலை என் கையில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் வந்தால் போதும் என்று தோன்றும். அந்தக் 'கொஞ்சம்'தான் ஆபத்து. மஞ்சள் கோடு போட்ட வரி ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வந்தது தலையணை. தலையணையும் சுருட்டிய போர்வைகளும் ஸ்டூல்மேல் நின்ற பெரிய சிஸ்டரும். கையை இழுக்க விடாமல் நிறுத்தியது அதுதான்.

"தோள் மாட்டிக்கிச்சு!" என்று கத்தினேன்.

தேசம்மாக்காவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே இந்தப் பக்கத்துக் காலை மடக்கி அணைத்துப் பிடித்திருந்தார், இரண்டு கையாலும். பெரிய சிஸ்டர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஸ்டூல் இல்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை மட்டும் உள்ளே வந்தது, கையில் குட்டை ஸ்டூல். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு மாணிக்கம் அண்ணன் நின்றிருந்தார். ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து எங்கள் டீக் கதையெல்லாம் கேட்டவர்தானே. தோள் என்று நான் போட்ட சத்தம் காதில் விழுந்ததுமே ஸ்டூல் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

பெரிய சிஸ்டர் ஏறிவிட்டார். நான் அந்தப் பக்கம் பார்த்தேன்.

சுவர்.

காலையில் துடைத்த தேசம்மாக்கா வழக்கம்போலத் தள்ளி வைத்திருந்தார். ரேவதி வந்த வேகத்தில் யாரும் கவனிக்கவில்லை. நகர்த்திவிட்டால் மட்டும் என்ன? அங்கே நிற்க வேண்டிய டாக்டரம்மா பாடியில் இருக்கிறார். அந்தப் பக்கத்துக்கு இடமும் இல்லை, ஆளும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சுவரில் ஒரு பல்லி மட்டும் இருந்தது.

இனி என்ன செய்வது? புத்தகத்தில் இதற்கு வரி கிடையாது, டீக் கதையிலும் கிடையாது. தேசம்மாக்காவை விட்டு இரண்டு காலையும் பிடிக்கச் சொல்லலாம், எட்டாது. நான் போகலாம், தலையை விட முடியாது. கண் கட்டில் முழுக்க ஓடியது. அப்போதுதான் ரேவதியின் கைகளைப் பார்த்தேன். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி, ஒரு வேலையும் இல்லாமல் இருந்தன. நாங்கள் ஒத்திகை பார்த்தது தலையணையோடு. தலையணைக்குக் கை கிடையாது. இவளுக்கு இருக்கிறது.

"ரேவதி! அந்தக் காலை நீ புடி! முட்டியை நெஞ்சுக்கு இழு! முக்காதே, நான் சொல்ற வரைக்கும் முக்காதே! புள்ளைக்குத் தோள் மாட்டியிருக்கு, நீ புடிச்சா வந்துடும்!"

கனிவு எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. மாட்டைக் கூப்பிடும் குரல்தான் வந்தது. ரேவதி என்னைப் பார்த்தாள். பயந்து அலைந்துகொண்டிருந்த கண் ஓரிடத்தில் நின்றது. கம்பியை விட்டுவிட்டுத் தன் காலைத் தானே இழுத்துப் பிடித்தாள். என்ன பிடி தெரியுமா! தேசம்மாக்கா பிடித்த காலைவிட அந்தக் கால் நன்றாக மடங்கி வந்தது.

"பெரிய சிஸ்டர், இப்போ!"

அவர் அழுத்தினார். என் கைக்குள் ஏதோ மெல்லத் திரும்பியது. "ரேவதி, இப்போ முக்கு!" என்றேன். தோள் விடுபட்டது, அதன் பின்னாலேயே மொத்தப் பிள்ளையும் வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் அழவில்லை. அந்த அறையில் மழைச் சத்தம் அவ்வளவு பெரிதாக இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. துடைத்தோம், முதுகைத் தேய்த்தோம், பெரிய சிஸ்டர் மூச்சு கொடுக்கும் பையை எடுத்து வைத்து மூச்சு கொடுத்தார். பிள்ளை முகத்தைச் சுளித்தது. அப்புறம் அழுதது பாருங்கள், என் குரலுக்குப் போட்டியாக ஒரு குரல்! இரண்டு கையையும் விரித்துக் காற்றில் வீசி அழுதது. இரண்டு கையையும். நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன், கண்ணீர் முகக்கவசத்துக்குள் ஓடியது. துடைக்கவும் தோன்றவில்லை.

"பொண்ணா புள்ளயா?" என்று கதவுக்கு வெளியே இருந்து மாணிக்கம் அண்ணன் கேட்டார்.

"பொண்ணு! நல்லா குண்டா கீது!" என்று தேசம்மாக்கா கத்தினார். ரேவதி அழுதுகொண்டே சிரித்தாள். இன்னும் அந்தக் காலைப் பிடித்தபடியே இருந்தாள். போதும், விடலாம் என்று யாரும் சொல்லவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

டாக்டரம்மா தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். மேம்பாலத்தடியில் காரை விட்டுவிட்டு ஒரு ஆட்டோ பிடித்து, அதுவும் நின்று, மீதியை நடந்தே வந்திருக்கிறார். தாயையும் பிள்ளையையும் பொறுமையாகப் பார்த்தார். பிள்ளையின் இரண்டு கையையும் அசைத்துப் பார்த்தார். பிறகு சுவரோடு ஒட்டியிருந்த கட்டிலைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் யாரு நின்னது?"

"அவளேதான்" என்றார் பெரிய சிஸ்டர், ரேவதியைக் காட்டி.

மறுநாள் டீ நேரத்தில் நான் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என்னைப் பாராட்டப்போகிறார்கள் என்று எண்ணம். பெரிய சிஸ்டர் ஒரு டம்ளர் கூடுதலாக வாங்கிவரச் சொன்னார். அப்புறம் ரேவதியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிள்ளை தேசம்மாக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு நீ சொல்லு. கட்டில்ல இருந்து பாக்கையில எப்படி இருந்துச்சு?" என்றார் பெரிய சிஸ்டர்.

ரேவதி கூச்சப்பட்டாள். டீயை ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு சொன்னாள்.

"தல வந்துடுச்சுன்னு தெரியுது. அப்புறம் எல்லாரும் ஓடுறீங்க. ஸ்டூலுன்றீங்க, காலுன்றீங்க, தோளுன்றீங்க. எனுக்கு ஒண்ணும் புரியல. நான் செத்துட்டனோன்னுகூட நெனச்சேன், ஏன்னா எங்கிட்ட மட்டும் யாரும் பேசல. அப்போ இந்த அக்கா கத்துச்சு பாரு, 'நீ புடி'ன்னு. அப்பத்தான், அட, நானும் இங்கதான் கீறேன்னு தெரிஞ்சுது."

தேசம்மாக்கா மடியில் கிடந்த பிள்ளையின் கையைத் தடவிக் கொடுத்தார்.

"கத்தினதுக்குக் கோவம் இல்லயே?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"அய்ய, அதுலதான்க்கா எனுக்கு உசுரே வந்துது. ஆனா ஒண்ணு. முன்னாடியே இதையெல்லாம் எங்கிட்ட சொல்லியிருந்தா இவ்ளோ பயந்திருக்க மாட்டேன். நான்தான் பெஞ்சுல சும்மா ஒக்காந்துகினு இருந்தனே, எத்தினி நாளு!"

பெரிய சிஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய், ஒத்திகைக்கு வைத்திருந்த அந்தத் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து மாணிக்கம் அண்ணனிடம் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். "இந்தாரும், ஸ்டூலுக்குப் பதிலா இத வச்சுக்கிடும். ஒமக்கு முட்டி வலிக்குல்ல?" என்றார்.

அன்றோடு டீக் கதையைத் தேசம்மாக்காவிடம் சொல்லும் வழக்கம் மாறிவிட்டது. வெளியே பெஞ்சில் காத்திருக்கும் கர்ப்பிணிப் பெண்களில் விருப்பமுள்ளவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, படித்ததைப் பயமுறுத்தாமல் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் "அப்போ நான் இன்னா பண்ணணும்?" என்று கேட்க வேண்டும், எங்களிடம் பதில் இருக்க வேண்டும். பாதி நாள் பதில் இருக்காது. மறுபடி போய்ப் படிப்போம். நான் வாழ்க்கையில் நன்றாகப் படித்தது அந்த வருடங்களில்தான். தேசம்மாக்காவுக்கு மட்டும் பதவி போய்விட்ட வருத்தம், அதனால் தலையாட்டும் அதிகாரத்தை அவரிடமே விட்டுவைத்தோம்.

ஆகையால், போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மறக்காமல் இருக்க என்ன செய்வது? நிறையக் கோடு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படிக்கும்போது புத்தகத்தில் வரும் அறையை மூடிவிட்டு உங்கள் அறையைத் திறந்துகொள்ளுங்கள். உங்கள் கட்டில், உங்கள் சுவர், உங்களோடு அன்று பணியில் இருப்பவர்கள், அவர்களின் உயரம், அவர்களின் கெட்ட பழக்கம் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து நிறுத்துங்கள். யார் எங்கே நிற்பது என்று ஒவ்வொருவருக்கும் இடம் கொடுங்கள். கொடுத்து முடித்ததும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள், யாரை விட்டோம் என்று. பெரும்பாலும் யாருக்காகப் படித்தோமோ அவரைத்தான் விட்டிருப்போம்.

கடைசியாக ஒன்று. ரேவதி பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்த நாளிலெல்லாம் டீ நேரம் வரை இருந்துவிட்டுத்தான் போவாள். பெஞ்சில் இருப்பவர்களிடம் தன் கதையைச் சொல்வாள், முட்டியை எப்படி இழுத்துப் பிடித்தாள் என்று காட்டுவாள். "ஸ்டூலு கொண்டாந்தது நானு, அதையும் சேத்து சொல்லு" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வரும். அப்படிக் கேட்டவர்களில் ஒரு பெண், தலைப் பிரசவம், மிகவும் பயந்த சுபாவம், வலியோடு ஒரு காலையில் வந்து சேர்ந்தாள். கைத்தாங்கலாகப் பிரசவ அறைக்குள் கூட்டிப் போனோம். கதவருகிலேயே நின்றுவிட்டாள். பயந்துவிட்டாள் போல என்று நினைத்து, என்னிடம் இருந்த கனிவையெல்லாம் திரட்டிக்கொண்டு, "என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டினாள்.

"சிஸ்டரு, கட்டிலு செவுத்தாண்ட கீது. மொதல்ல அத நகத்துங்க, அப்புறம் நான் ஏறிப் படுக்கறேன்."

பெரிய சிஸ்டர் திரும்பித் தேசம்மாக்காவைப் பார்த்தார். தேசம்மாக்கா வாளியை வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்து, கட்டிலை இழுத்து அறையின் நடுவில் போட்டார்.